சிலுவைராயனுக்குப் பத்து நிமிடம்

சங்குத்திட்டில் தண்ணீருக்குக்கூடப் பஞ்சம் வந்தது கிடையாது. பஞ்சமெல்லாம் லைனுக்குத்தான்.

கரையிலிருந்து பதினெட்டு மைல் தள்ளி, கடல் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிறுவனத்தைக் கட்டி, தொள்ளாயிரத்து அறுபத்தொரு பேரைக் குடிவைத்து, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோபுரத்தை நட்டிருந்தார்கள். வானத்துப் பாதையும் கடலடிப் பாதையும் நெரிசலாகிப்போய், எந்த வளாகத்துக்கு எவ்வளவு இன்டர்நெட் என்று அரசாங்கமே படி வைத்து அளந்துவிடுகிற காலம் அது. சங்குத்திட்டுக்கு அளந்தது ஒரு சின்னக் கல்யாண மண்டபத்துக்குத்தான் காணும். அதை ஆயிரம் பங்காக்கினார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. இயக்குநர் டாக்டர் பொன்னுரங்கத்துக்கு மட்டும் நாற்பது. பந்தி பரிமாறுகிறவர் தன் இலையை மறப்பாரா என்ன?

அந்த லைனைக் கட்டி மேய்க்கும் வேலை செண்பகக்கனிக்கு. விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த குடும்பம். ஒரு கை பருப்பை அள்ளி உள்ளங்கையில் உருட்டியே மூட்டைக்குள் எத்தனை கல் என்று சொல்லிவிடும் மனிதருக்கு மூத்த மகள். பேரம் பேசாமல் ஒரு சாமான் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அதற்கு ராசியில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். அப்படி வளர்ந்தவளிடம், இரண்டு வருடத்துக்கு முன்னால், பேரமே பேசாமல் ஒரு பெட்டியை வாங்கி வந்து கொடுத்தார் இயக்குநர். அதன் பெயர் நிரப்பி.

பெட்டி வந்த நாளிலிருந்து தீவில் ஒருவரும் லைன் மெதுவாக இருக்கிறது என்று புலம்பவில்லை. வீட்டோடு பேசினால் படம் உறையவில்லை, குரல் அறுபடவில்லை. நிறுவன ஆண்டு விழாவில் அந்தப் பெட்டிக்கு மாலையே போட்டார்கள். செண்பகக்கனியும் கை தட்டினாள். அந்தக் கைதட்டலை அவள் பிற்பாடு மறக்க ஆசைப்பட்டாள், முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாமான் கொண்டுவரும் படகு வந்தது. அது கரையேறிய கையோடு துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள்; இனி உத்தரவு வரும்வரை ஒரு தோணிகூட நகரக்கூடாது. படகோட்டி ராயப்பன் அரிசி மூட்டையைக்கூட இறக்காமல் நேரே கான்டீனுக்குப் போய், அங்கே தோசை தின்றுகொண்டிருந்த தன் மாமன் மகள் ஜெனிட்டாவின் முன்னால் நின்றான். ஜெனிட்டா வேம்பார்க்காரி. பவளப்பாறை பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். வாய் நீளம்; அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுதாகத் திரும்பியவர் தீவில் குறைவு.

"ஏட்டி, நீ மனுசிதானா?" என்றான் ராயப்பன்.

"என்ன மச்சான், வந்ததும் வராததுமா?"

"ஒங்கப்பனுக்குத் தொண்டையில புத்து. கொரலு போயிட்டு. நாலு வார்த்தை சொல்ல நாழியாவுது. ஒரு மாசமா நெதமும் ஒன்கிட்ட அதச் சொல்லி அழுதாரு. நீ என்னடான்னா பல்லக் காட்டிக்கிட்டு 'சரிப்பா, சாப்பிட்டேன்ப்பா'ங்க!"

ஜெனிட்டாவின் கையில் இருந்த தோசைத் துண்டு சட்னியிலேயே விழுந்தது. "நேத்துகூடப் பேசினேனே. கொரலு கணீர்னு இருந்திச்சே. நல்லாப் படின்னு சொன்னாரே."

"ஒன் அப்பன் நல்லாப் படின்னு எந்தக் காலத்துல சொன்னாரு?"

பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த செண்பகக்கனிக்கு டம்ளர் கனத்தது. மூட்டைக்குள் கல் கிடப்பது அந்த நிமிடம் அவள் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது.

இருவரையும் தன் அறைக்கு அழைத்துப் போய், பெட்டியின் நடப்புப் பதிவைத் திறந்தாள். ஜெனிட்டாவின் பெயருக்கு நேரே, அப்பாவோடு பேசிய கடைசி முப்பது அழைப்புகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிரப்பல் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று சதவீதக் கணக்கு.

"இது என்னக்கா?" என்றான் ராயப்பன்.

"இந்தப் பெட்டி செய்ற வேலைய்யா. அக்கரையிலிருந்து ஒருத்தர் முகம், குரல் எல்லாத்தையும் முழுசா இழுத்துட்டு வர்றதுக்கு லைன் காணாது. அதனால ஒரு துளிதான் இழுக்கும். மிச்சத்தை, அந்த ஆளு எப்பவும் எப்படிப் பேசுவாரோ அப்படி இதுவாச் செஞ்சு நிரப்பிக்கும். இங்கேருந்து அங்க போறதும் அப்படித்தான்."

"நல்லாப் படின்னு அவரு சொன்னதே கெடையாதுங்கேன்."

"எல்லா அப்பாவும் சொல்றாங்களே. தெரியாத இடத்துல ஊருக்குப் பொதுவா ஒண்ணைப் போட்டு அடைச்சிருக்கு. கரகரப்பு வந்தா அதை லைன் கோளாறுன்னு நினைச்சுத் துடைச்சிடும். அழுதாலும் அப்படித்தான்."

"அப்ப நான் ஒரு மாசமா யாரோட பேசினேன்?" என்றாள் ஜெனிட்டா. எப்போதும் கத்துகிறவள், அப்போது கத்தவில்லை.

செண்பகக்கனிக்குப் பதில் தெரியும். கலப்படம் என்று அதற்குப் பெயர். அவள் வீட்டில் அந்தச் சொல்லை உச்சரிப்பதற்குக்கூட அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இரண்டு வருடமாக அந்தக் கடையின் கல்லாவில் அவளே உட்கார்ந்திருக்கிறாள்.

ராயப்பன் மிச்சத்தையும் சொன்னான். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. வியாழக்கிழமை காலை குரல்வளையை எடுத்துவிட வேண்டும். தப்பவிட்டால் அந்த டாக்டர் அடுத்து வர ஒரு மாதம். கட்டி ஒரு மாதம் பொறுக்காது. ஆனால் மாமா சிலுவைராயன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். தன் குரலை மகள் ஒருமுறை கேட்க வேண்டும். மகள் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளட்டும்.

"எழுதி அனுப்பினா? எழுத்து அப்படியே போகும். அதுக்கு எடமே வேணாம்."

"அவருக்கு எழுத்து தெரியாதுக்கா. நர்சம்மா வாசிச்சா நம்ப மாட்டாரு. காகிதத்துல யாரும் என்னமும் எழுதலாம்பாரு."

செண்பகக்கனி எழுந்தாள். "இத்தனை நாளும் பேசினது மெஷின், நாளைக்கு நாலு மணிக்கு உங்க மகளே பேசுவா, அதுவரைக்கும் பொறுங்கன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பு."

"எப்படிக்கா?"

"அது என் பாடு."

இயக்குநரின் அறையில் அவளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது.

"உட்காரும்மா. விஷயத்தைக் கேள்விப்பட்டேன், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நிரப்பியை நிறுத்த எனக்கே அதிகாரம் இல்லை. ஒப்பந்தம் அப்படி. ஒருத்திக்குத் திறந்தா நாளைக்கு எல்லாரும் வருவாங்க."

"ஒரு பத்து நிமிஷம் சார்."

"அசலுக்கும் அதுக்கும் வித்தியாசமே கிடையாதும்மா. ஆண்டு விழா மேடையில நான் சொன்னதுதான். பயல்க அத்தனை பேரும் கை தட்டினாங்க. நீங்களும்தான்."

அவள் வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பேரத்தில் முதல் விலை என்பது மூஞ்சியில் அடிப்பதற்காகவே சொல்லப்படுவது. அதற்குக் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவன் வியாபாரி இல்லை, வாடிக்கையாளன்.

அன்று சாயங்காலம் முழுக்கப் பெட்டியோடு வந்த விதிமுறைப் புத்தகத்தைப் படித்தாள். பதினோராவது பக்கத்தில் ஒரு வரி: லைனில் தட்டுப்பாடு இருந்தால் மட்டுமே நிரப்பி வேலை செய்யும்.

தட்டுப்பாடு இல்லையென்றால் பெட்டி சும்மா கிடக்கும். ஆனால் புயல்காற்றில் கோபுரம் ஆட்டம் கண்டு, வருகிற லைனே பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. கணக்குப் போட்டாள். ஓர் அழைப்பு அசலாக வர வேண்டுமென்றால் ஆயிரம் பங்கில் தொள்ளாயிரத்து எழுபது பங்கு அந்த ஒருவருக்கே வேண்டும்.

"எல்லார் லைனையும் நீங்களே புடுங்கி விட்டுருங்களேன்," என்றான் ராயப்பன்.

"எனக்கு முந்தி இருந்த மகராசன் தன் மச்சினன் ரூமுக்கு மட்டும் வாய்க்கால் வெட்டி விட்டான். அதுக்கப்புறம் பிடுங்குற அதிகாரம் எவருக்கும் கிடையாதுன்னு ஆக்கிட்டாங்க. கரன்டை நிறுத்தினாலும் அவங்கவங்க பங்கு அப்படியே கிடக்கும். பஸ்ஸில துண்டு போட்டு சீட்டு பிடிக்கிறாங்கல்ல, அப்படி. ஆளு வரலைன்னாலும் சீட்டு அவனோடது. துண்டைப் போட்டவனே எடுத்தாத்தான் உண்டு."

"எடுக்க முடியுமா?"

"முடியும். ஒவ்வொருத்தர் போன்லயும் 'என் பங்கு இப்போது வேண்டாம்'னு ஒரு பொத்தான் இருக்கு. கட்டைவிரலை வச்சா ஒரு மணி நேரத்துக்குப் பங்கு பொதுவுக்கு வந்துடும். இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை பேர் அழுத்தியிருக்காங்க தெரியுமா?"

"எத்தனை?"

"நீயே சொல்லு. பஸ்ஸில இடம் பிடிச்ச எவனாவது வேணாம்னு எந்திரிச்சிருக்கானா?"

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் கான்டீனில் ஆரம்பித்தாள். கான்டீன் காஜா முகைதீனுக்கு அவரோடு சேர்த்துப் பதினான்கு ஆட்கள், பதினான்கு பங்கு.

"நாலு மணிக்கா? கிரிக்கெட்டு ஓடுற நேரமாச்சே. டிவியை நிறுத்தினா எவன் வந்து பஜ்ஜி திங்கிறது?"

"பஜ்ஜியை நான் வாங்கிக்கிறேன் பாய். அந்த ஒரு மணி நேரத்துக்குப் போடுற பஜ்ஜி அத்தனையும்."

"நேத்துப் போட்டதும் இருக்கே."

"அதையும்தான்."

காஜா பாய் தாடியைத் தடவினார். "ஒரு வாப்பா புள்ளைகிட்ட பேசுறதுக்கு நான் பஜ்ஜி விக்கணுமா? போ தாயி. பதினாலும் உனக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா நேத்துப் போட்டதை எடுத்துக்கிட்டா நல்லதுதான்," என்றார்.

மாணவர் விடுதிதான் பெரிய மூட்டை. நானூற்றுப் பத்துப் பேர். விடுதிச் செயலாளர் வெங்கலமுத்து, தேர்தலில் நின்று ஜெயித்த பையன் என்பதால் பேச்செல்லாம் மந்திரிப் பேச்சு.

"மேடம், எங்க தரப்புல மூணு கோரிக்கை. ஒண்ணு, வெந்நீர். ரெண்டு, நூலகம் இருபத்துநாலு மணி நேரமும். மூணு, ஞாயித்துக்கிழமை மீன் பிரியாணி."

"வெந்நீர் என் கையில இல்ல. நூலகம் நீங்க போறதே இல்ல. பிரியாணிக்கு மெஸ்ஸுல சொல்லிப் பார்க்கிறேன்; மாசத்துக்கு ஒரு ஞாயிறு."

"நாலு ஞாயிறு."

"நீ உங்கப்பாவோட கடைசியாப் பேசினது எப்ப, வெங்கலமுத்து?"

"நேத்து. ஏன் மேடம்?"

"என்ன சொன்னாரு?"

"எப்பவும் சொல்றதுதான். உடம்பைப் பாத்துக்க, நல்லாப் படி..." பையனின் வாய் பாதியில் நின்றது. மந்திரிப் பேச்சு எங்கேயோ போய்விட்டது. "எங்கப்பா அப்படியெல்லாம் பேசவே மாட்டாரே மேடம். திட்டத்தான் செய்வாரு. நான் நினைச்சேன், வயசாகி மாறிட்டாருன்னு."

செண்பகக்கனிக்கு அந்த இடத்தில் பேரம் பேச மனம் வரவில்லை. "ரெண்டு ஞாயிறு," என்று மட்டும் சொன்னாள். பையன் தலையாட்டினான். எதற்குத் தலையாட்டினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மகளிர் விடுதியில் பேரமே இல்லை. ஜெனிட்டா அங்கே எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறாள் என்பதற்குக் கணக்கில்லை. அத்தனை பேரும் வரிசையில் நின்று, யார் முதலில் அழுத்துவது என்று புதிதாக ஒரு சண்டையைத் தொடங்கினார்கள்.

பேராசிரியர் கோதண்டம்தான் மசியவில்லை. அர்ஜென்டினாவில் இருக்கும் யாரோ ஒருவரோடு செஸ் ஆடிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக நடக்கும் ஆட்டம், நாலு மணிக்கு முடிவு.

"கடிகாரம் ஓடும் செண்பகம். பாதியில எந்திரிச்சா தோத்ததாக் கணக்கு. வேற ஒருத்தரைப் பாருங்க."

செண்பகக்கனிக்குக் குதிரை எது, யானை எது என்று தெரியாது. ஆனால் சரக்கு தேங்கிப்போன வியாபாரியின் முகம் எப்படியிருக்கும் என்று தெரியும். மனிதர் காலையிலிருந்து அதே சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், தோத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"யார் சொன்னா?"

"நாலு மணிக்கு நீங்களா தோத்தா தோல்வி. புயல்ல லைன் போய்த் தோத்தா அது புயலோட தப்பு. அந்த அர்ஜென்டினாக்காரன் ஆயுசு பூரா அடுத்த காயை எப்படி நகர்த்தியிருப்பீங்களோன்னு யோசிச்சுக்கிட்டே கிடப்பான்."

கோதண்டம் பலகையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே புயலைப் பார்த்தார். "மூணு ஐம்பதுக்கா, மூணு ஐம்பத்தஞ்சுக்கா அழுத்தணும்?" என்றார்.

மூன்று மணிக்கு, தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர்களின் கணக்கு தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. மிச்சமிருந்த இருபத்திரண்டு பேரில் சிலர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள், சிலர் கதவையே திறக்கவில்லை. அவர்களையும் சேர்த்தால்கூடத் தொள்ளாயிரத்து அறுபதுதான். இயக்குநரின் நாற்பது இல்லாமல் எந்தக் கணக்கும் நேராகாது.

அவர் டை கட்டிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு டெல்லியிலிருந்து துறைச் செயலாளர் வருகிறார், திரையில்தான். புதிய கட்டடத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும்.

"இன்னைக்கு மட்டும் என் பங்கைக் கேக்காதீங்கம்மா."

"எல்லாத்தையும் கேக்கல சார். ஒண்ணை நீங்களே வச்சுக்கோங்க. முப்பத்தொன்பதைக் கொடுங்க."

"ஒரு பங்குல வீடியோ எப்படி வரும்?"

"வராது. நிரப்பி நிரப்பும். செயலாளர் முகம், குரல் எல்லாம் இருக்கும். வித்தியாசமே தெரியாதுன்னு நீங்கதானே மேடையில சொன்னீங்க?"

இயக்குநர் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். டை முடிச்சு பாதியில் நின்றது. வித்தியாசம் இருக்கிறது என்று சொன்னால் இரண்டு வருடமாகத் தீவு முழுக்கக் கலப்படம் விற்றவர் ஆகிறார். இல்லை என்று சொன்னால் கட்டைவிரலை வைக்க வேண்டும். விருதுநகரில் இப்படி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு எதிராளிக்கு ஒரு காபி வாங்கிக் கொடுப்பார்கள். காபிக்கு நேரமில்லை.

"நீங்க பொல்லாத ஆளும்மா," என்றபடி கட்டைவிரலை வைத்தார்.

மூன்று நாற்பத்தைந்துக்குச் செண்பகக்கனியின் திரையில் எண் ஓடத் தொடங்கியது. அறுபது. இருநூறு. அறுநூற்றுப் பன்னிரண்டு. மூன்று ஐம்பத்தாறுக்குத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் வந்து நின்றது. நான்கு குறைந்தது. ராயப்பன் வெளியே ஓடினான். எந்தக் கதவை உடைத்தான் என்று அவன் பிறகும் சொல்லவில்லை. எழுபது ஆனது. எழுபத்தொன்று ஆனது. 'நிரப்பல்' என்ற சொல்லுக்கு நேரே இருந்த எண், அவள் அறிந்து முதல்முறையாக, பூஜ்யத்துக்கு வந்தது.

படம் தெரிந்தது. அழகாக இல்லை. நிரப்பி காட்டிய அப்பாவுக்குக் கன்னம் இருந்தது; இவருக்கு எலும்பு. மூக்கில் ஒரு குழாய். சிலுவைராயன் திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"சத்தம்... கேக்கா?" ஒவ்வொரு சொல்லும் மணலில் இழுத்த படகு மாதிரி வந்தது.

"கேக்குப்பா."

"நீ... நெசந்தானாட்டி?"

ஜெனிட்டா திரைக்கு அருகே குனிந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்துச் செண்பகக்கனி ஒரு கைக்குட்டையை எடுத்தாள். வீண் வேலை.

"யோவ், கூறுகெட்ட மனுசா! தொண்டையில கட்டிய வச்சிக்கிட்டு வெத்தலையாய்யா மென்னுக்கிட்டு இருந்த? சாவணும்னா கடல்ல போயிச் சாவலாம்லா, எதுக்கு ஆஸ்பத்திரியில வந்து படுத்துக்கிட்டு கையெழுத்துப் போட மாட்டேன்னு ரவுசு பண்ணுத? நாளைக்குக் காலையில அறுக்கலன்னா நான் நீந்தியே வந்து அருவாமனையால அறுத்துருவேன் பாத்துக்கோ!"

கிழவர் சிரித்தார். சிரிப்பா இருமலா என்று பிரிக்க முடியாத ஒன்று. ஆனால் தோள் குலுங்கியது.

"இதாம்ட்டி... எம் மவ. அந்த மெசினு... நெதமும் 'சரிப்பா சரிப்பா'ன்னுச்சி. எம் மவ... எப்பம்ட்டி... சரின்னா?"

"இப்பச் சொல்லுதேன். சரி. அறுத்துக்கோ."

"கொரலு... போயிரும்."

"போவட்டும். பேசிப் பேசி என்ன கிழிச்ச?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "இதப் பதிஞ்சு வச்சிக்கிடட்டாப்பா?"

"வேண்டாம். அதுக்குத்... தீனி போடாத. காதுல... வச்சிக்க."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது அவர்கள் பாடு. செண்பகக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழையில் விடுதிப் பையன்கள் கையில் போன் இல்லாமல், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை அறுவை முடிந்தது. பிழைத்துக்கொண்டார் என்று எழுத்தில் செய்தி வந்தது. ஜெனிட்டா விடுதி முழுக்க மிட்டாய் கொடுத்தாள். வாங்க மறுத்தவளோடு சண்டையும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து இயக்குநருக்கு ஒரு கடிதம் வந்தது. புதன்கிழமைக் கூட்டத்துக்குச் செயலாளரால் வர இயலாமல் போனதற்கு வருந்துகிறோம், அவர் இருக்கை காலியாக இருந்தபோதிலும் தாங்கள் நாற்பது நிமிடம் உரையாற்றியமைக்கு நன்றி என்று இருந்தது. பொன்னுரங்கம் அதை மூன்று முறை படித்தார். திரையில் செயலாளர் அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அத்தனை அழகாகத் தலையாட்டியிருந்தார்.

சனிக்கிழமை காலை. கூண்டு இன்னும் இறங்கவில்லை. காற்று கோபுரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஜெனிட்டா செண்பகக்கனியின் அறைக்குள் ஓடிவந்து போனை மேசைமேல் எறிந்தாள், சுட்டுவிட்டதைப் போல.

திரையில் சிலுவைராயன். கழுத்தைச் சுற்றிக் கட்டு. கட்டுக்கு மேலே வாய் அசைந்தது. போனிலிருந்து குரல் வந்தது. கணீரென்று, கடற்கரையில் நின்று கூப்பிடும் வாலிபனின் குரல்.

"யேட்டி மூதி! கூறுகெட்டவளே! சாப்பிட்டியாட்டி?"

குரல்வளையே இல்லாத மனிதர்.

செண்பகக்கனி பதிவைத் திறந்தாள். புதன்கிழமை நாலே கால் மணிக்கு நேரே பெட்டி தானாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தது: இந்தக் குடும்பத்தில் புதிய பேச்சுமுறை கண்டறியப்பட்டது, கற்றுக்கொள்ளப்பட்டது. கலப்படக்காரனிடம் நல்ல சாம்பிளைக் காட்டிவிட்டு வந்தது அவள்தான். அடுத்த மூட்டையில் அவன் கல்லைப் பருப்பு நிறத்தில் செய்து கலந்திருக்கிறான்.

"இது இனிமே திட்டும், அழும், எல்லாம் செய்யும்," என்றாள்.

"அப்ப எப்பிடிக்கா கண்டுபிடிக்கது?"

"கண்டுபிடிக்க முடியாது. வேலை செய்யவே விடக்கூடாது. அவ்வளவுதான்."

"கூண்டு எறங்கினா நான் போயிப் பாத்துருவேன்க்கா. ஆனா அதுவரைக்கும் அப்பா அங்க கெடந்து என்னத்தக் கேட்டுக்கிட்டு இருக்காரோ. எம் மூஞ்சிய வச்சிக்கிட்டு அது அவருகிட்ட என்ன பேசுதோ."

செண்பகக்கனி கான்டீனுக்குப் போய் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். இந்த முறை விலை பேசவில்லை. "இன்னைக்கும் நாலு மணி," என்று மட்டும் சொன்னாள்.

மூன்று முப்பதுக்கு இயக்குநர் வந்தார். டை இல்லை. மேசையின் ஓரத்தில் நின்று, தன் போனில் கட்டைவிரலை வைத்தார்.

"முப்பத்தொன்பதா சார்?"

"நாற்பதும்." வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்த ஒப்பந்தத்தைத் திரும்பப் படிக்கணும்மா. திங்கக்கிழமை நீங்களும் உக்காருங்க. பேரம் பேசத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்."

"மொத விலையிலேயே நான் முறைப்பேன் சார், பரவாயில்லையா?"

"அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

நாலு மணிக்கு எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் நின்றது. நிரப்பல் பூஜ்யம்.

சிலுவைராயனின் முகம் வந்தது. வாயைத் திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பழக்கத்தில் இன்னொரு முறை திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு அப்படியே படுத்தபடி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனிட்டாவும், அந்தத் தீவில் எவரும் கண்டிராத அதிசயமாக, வாயைத் திறக்கவில்லை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒரு நிமிடம் போனது. நான்கு நிமிடம் போனது. எங்கேயோ ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி உருண்டு போகும் ஓசை லேசாகக் கேட்டு அடங்கியது.

ராயப்பனால் பொறுக்க முடியவில்லை. செண்பகக்கனியின் காதருகே குனிந்தான். "என்னக்கா, சத்தமே இல்ல. லைன் போயிட்டா?"

"சும்மா இருய்யா," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்துக்கிட்டிருக்கு."